என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்: பாலியல் குற்றவாளிகளின் பொதுப் பட்டியல் பற்றி ஒரு திறந்த மடல்

பாலியல் குற்றவாளிகளின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைப் பரிசீலிக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் முன் இருக்கும் மனுக்களில் ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. தண்டனை பெற்ற ஒவ்வொரு பாலியல் குற்றவாளியின் பெயர், படம், முகவரி எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்கும் மனு அது. நான் கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. கதவு கதவாகத் தட்டி மற்றவர்களிடமும் வாங்கினேன். அது ஒன்றும் கஷ்டமான வேலையாக இருக்கவில்லை. "உங்கள் பிள்ளை விளையாடுகிற தெருவில் யார் குடியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பேன். பதிலே சொல்லாமல் பேனாவுக்குக் கை நீட்டுவார்கள்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் அக்கா மகள். அவளுக்கு எட்டு வயதில் நடந்தது. பத்து வயதில்தான் சொன்னாள், அதுவும் அம்மாவிடம் சொல்லாமல் சித்தி என்னிடம். செய்தவர் எங்கள் குடும்பத்தோடு பல வருடம் பழகியவர். வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தோம். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் மனுவோடு கிளம்பிவிட்டேன்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் மனுவை முழுக்கப் படித்தார். அதுவரை யாரும் படித்ததில்லை. படித்து முடித்துவிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கெடுதல் பண்ணவன் பேரு இதுல இருந்திருக்குமாம்மா?" என்று கேட்டார். இருந்திருக்காது. அந்த ஆள்மேல் அதற்கு முன் ஒரு வழக்குகூடக் கிடையாது. அதைச் சொன்னேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். கோபமாகப் படியிறங்கி வந்தேன். ஆனால் கேள்வி கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் தேறியதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், ஒரு பெயர் எப்படிப் பட்டியலுக்குள் வருகிறது என்று பாருங்கள். குழந்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்டவர் நம்ப வேண்டும். குடும்பம் மானத்துக்குப் பயந்து மூடி மறைக்காமல் காவல்நிலையம் போக வேண்டும். வழக்குப் பதிவாக வேண்டும். சாட்சிகள் பிறழாமல் நிற்க வேண்டும். கடைசியில் தண்டனை கிடைக்க வேண்டும். இத்தனை சல்லடையையும் தாண்டி வருகிற பெயர்தான் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு சல்லடையிலும் எத்தனை பேர் தங்கிவிடுகிறார்கள் என்பதை வழக்கு நடத்திப் பார்த்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். நியூயார்க் மாநிலத்தில் இருபது வருடக் கைதுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அதற்கு முன் அப்படியொரு குற்றத்தில் தண்டனை பெறாதவர்கள். அதாவது, கைதான நாளில் அவர்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த அம்மா ஒரே கேள்வியில் கேட்டது இதைத்தான்.

இன்னொரு கணக்கு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2000இல் வெளியிட்ட அறிக்கைப்படி, காவல்துறைக்கு வந்த வழக்குகளில் பாதிக்கப்பட்ட சிறாருக்கு முன்பின் தெரியாத ஆள் செய்தது சுமார் 7 சதவீதம்தான். 34 சதவீதம் சொந்தக் குடும்பத்தினர். மீதி எல்லாம் தெரிந்தவர்கள், பழகியவர்கள். நான் கதவு தட்டிக் கேட்ட கேள்வி தெருவைப் பற்றியது. எங்கள் வீட்டில் நடந்தது கூடத்தில்.

இதில் அதிக அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. கலிஃபோர்னியா 1947லேயே பதிவேடு தொடங்கிவிட்டது. ஆனால் அது காவல்துறையின் கையில் இருந்த பதிவேடு. 1989 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஜேகப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையன் கடத்தப்பட்டான். அவன் பெயரால் 1994இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களையும் பதிவேடு வைக்கச் சொன்னது. அதே 1994இல் நியூஜெர்சியில் 7 வயது மேகன் காங்கா எதிர்வீட்டுக்காரனால் கொல்லப்பட்டாள். அவன் ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவன். பெற்றோருக்குத் தெரியாது. அவள் பெயரால் 1996இல் வந்த சட்டம் அந்தத் தகவலை மக்களுக்குத் திறந்தது. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் குற்றவாளிகளை மூன்று அடுக்காகப் பிரித்து, 15 வருடம், 25 வருடம், ஆயுள் முழுக்க என்று பதிவில் வைக்கச் சொன்னது.

மேகனின் பெற்றோர் கேட்டதை என்னால் இன்றும் எளிதாகத் தள்ள முடியவில்லை. எதிர்வீட்டில் யார் என்று தெரிந்திருந்தால் பிள்ளையை அங்கே விட்டிருக்க மாட்டோம் என்று ஒரு தாய் சொன்னால், அவர் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. ஆனால் சட்டங்கள் அந்த ஒரு வகை வழக்கை வைத்து எழுதப்பட்டு எல்லா வழக்குகளுக்கும் விரிக்கப்பட்டன. ஜேகப்பைக் கொன்றவர் 2016இல்தான் ஒப்புக்கொண்டார். 27 வருடம் கழித்து. கடத்தல் நடந்த நாளில் பொதுப் பட்டியல் இருந்திருந்தாலும் அதில் அவர் பெயர் இருந்திருக்காது. விசாரணையின் முதல் சில மாதங்களிலேயே அதிகாரிகள் அவரை விசாரித்திருந்தார்கள் என்பது அதைவிட வேதனையானது. பட்டியலுக்காகப் போராடிய ஜேகப்பின் தாய் பேட்டி வெட்டர்லிங், பிற்காலத்தில் இந்தச் சட்டங்கள் எல்லை தாண்டிப் போய்விட்டன என்று வெளிப்படையாகவே பேசத் தொடங்கினார். மகனைப் பறிகொடுத்தவர் அப்படிச் சொன்னதைப் படித்தபோது, நான் கையில் வைத்திருந்த மனு எனக்கே கனத்தது.

சரி, பட்டியலில் இருக்கிற பெயர்களாவது சரியாக இருக்கின்றனவா?

2003இல் கலிஃபோர்னியாவில், பதிவு செய்திருக்க வேண்டியவர்களில் 33,000க்கும் மேற்பட்டோர் எங்கே இருக்கிறார்கள் என்றே அரசுக்குத் தெரியாது என்ற செய்தி வெளியானது. ஃபுளோரிடாவின் பட்டியலில் உள்ள பெயர்களில் பாதிக்கு மேல், அந்த மாநிலத்தில் ஊருக்குள் நடமாடுகிற ஆட்களுடையவை அல்ல. சிலர் சிறையில் இருக்கிறார்கள். பலர் வேறு மாநிலம் போய்விட்டார்கள். இறந்தவர்களும் உண்டு. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்படுகிற தாய்க்கு எந்தப் புள்ளி உயிரோடு இருக்கிறது என்று தெரியாது. புள்ளி இல்லாத வீட்டைப் பார்த்து நிம்மதி அடைகிறாளே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை.

முகவரியை விடுங்கள். குற்றத்தின் விவரமாவது புரியும்படி இருக்கிறதா? பெரும்பாலும் சட்டப் பிரிவின் தலைப்பு மட்டும் இருக்கும். குழந்தையைச் சிதைத்தவனும், தன்னைவிட ஒன்றிரண்டு வயது குறைந்த காதலியோடு உறவு வைத்த இளைஞனும் பக்கத்துப் பக்கத்துப் படங்களாக வருவார்கள். சில மாநிலங்களில் பொது இடத்தில் சிறுநீர் கழித்ததுகூடப் பதிவுக்குரிய குற்றமாக இருந்திருக்கிறது. ஆடம் வால்ஷ் சட்டத்தின் அடுக்குகள் எந்தப் பிரிவில் தண்டனை என்பதை வைத்துப் போடப்படுபவை. அந்த ஆள் மறுபடியும் செய்வாரா என்பதை மதிப்பிட்டுப் போடப்படுபவை அல்ல. பார்க்கிற நமக்கோ இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.

இந்த இடத்தில் ஓர் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனுவிலும் அதை எழுதியிருந்தோம்: "பாலியல் குற்றவாளிகளில் 80 சதவீதம் பேர் மறுபடியும் அதே குற்றம் செய்வார்கள்." அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் நீதிபதி அந்தோணி கென்னடி, சிகிச்சை பெறாதவர்கள் மறுபடியும் குற்றம் செய்யும் விகிதம் 80 சதவீதம் வரை என்று குறிப்பிட்டார். அடுத்த வருடம், அலாஸ்காவின் பதிவேட்டை ஏற்றுக்கொண்ட தீர்ப்பில் அந்த ஆபத்து "அச்சமூட்டும் அளவுக்கு அதிகம்" என்று எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ நீதிமன்றங்கள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டன. ஐரா எல்மன் என்ற சட்டப் பேராசிரியரும் டாரா எல்மனும் அதன் மூலத்தைத் தேடிப் போய் 2015இல் எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 1988ஆம் வருடக் கையேடு ஒன்றைக் காட்டியது. அந்தக் கையேடு 1986இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையைக் காட்டியது. அந்தக் கட்டுரையில் அது ஒற்றை வாக்கியம். பின்னால் ஆய்வும் இல்லை, கணக்கும் இல்லை. சிகிச்சைத் திட்டம் நடத்திய ஒருவர் போகிறபோக்கில் சொன்னது. லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையும் கோடிக்கணக்கான பெற்றோரின் பயமும் அந்த ஒற்றை வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதை நானும் 200க்கும் மேற்பட்ட வீடுகளில் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. 1994இல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை அந்த நாட்டு நீதித்துறை மூன்று வருடம் பின்தொடர்ந்தது. பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005இல் வெளியே வந்தவர்களை ஒன்பது வருடம் பின்தொடர்ந்ததில், வன்புணர்வு அல்லது பாலியல் தாக்குதலுக்காக மறுபடி கைதானவர்கள் 7.7 சதவீதம். இவை கைதுக் கணக்குகள்தான். புகாராகாத குற்றங்கள் இவற்றில் வராது என்பதை நான் யாரைவிடவும் நன்றாக அறிவேன். உண்மை விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் 80க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அப்புறம், பிடிபடாத குற்றங்கள்தான் நம் கவலை என்றால், பிடிபட்டவர்களின் பட்டியல் அதற்கு எப்படி மருந்தாகும்?

பட்டியல் ஒழுங்காக இருந்தும் பயன்படாத ஒரு கதையைச் சொல்கிறேன். ஜேசி டுகார்ட். பின்னாளில் தானே வெளிப்படையாகப் பேச முன்வந்தவர் என்பதால் பெயரைச் சொல்கிறேன். 1991இல், 11 வயதில், கலிஃபோர்னியாவில் பள்ளிப் பேருந்துக்கு நடந்து போகும்போது கடத்தப்பட்டார். 18 வருடம் ஒரு வீட்டின் பின்புறக் கூடாரங்களில் அடைத்து வைக்கப்பட்டார். அங்கேயே இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றார். கடத்தியவர் ஏற்கெனவே கடத்தல், வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்றவர். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. பரோல் அதிகாரிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2006இல் பின்புறம் கூடாரங்களில் ஆட்கள் இருப்பதாக அக்கம்பக்கத்திலிருந்து புகார் போனது. வந்த காவலர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டார். பேசிக்கொண்டிருப்பது பதிவேட்டில் உள்ள பாலியல் குற்றவாளியிடம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் 2009இல், அந்த ஆள் இரண்டு பெண் குழந்தைகளோடு பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தபோது, அங்கே பணியிலிருந்த இரண்டு பெண்கள் அந்தக் குழந்தைகளின் முகத்தைக் கவனித்தார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டது. அவரது பின்னணியைச் சரிபார்த்து, பரோல் அதிகாரிக்குத் தகவல் கொடுத்தார்கள்.

இதைப் பலமுறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். வருடக்கணக்கில் எழுத்தில் கிடந்த பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவர் கையில் அந்தத் தகவல் வந்த நாளில் மூன்று உயிர்கள் வெளியே வந்தன. பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது யார் கையில் இருக்க வேண்டும், அதை வைத்து அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. 15 மாநிலத் தரவுகளை வைத்து பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறையிடம் பதிவு செய்வது பழகியவர்கள்மேல் நடக்கும் குற்றங்களைக் குறைப்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஆனால் அதே பெயர்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவது, ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்கள் மறுபடி குற்றம் செய்வதைக் கூட்டவும்கூடும் என்று தெரிந்தது. வேலை கிடைக்காமல், வீடு கிடைக்காமல், உறவெல்லாம் அறுந்து போனவனுக்குத் திருந்தி வாழ்வதில் இழக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நியூஜெர்சியிலேயே, அதாவது மேகனின் மாநிலத்திலேயே, 2008இல் வந்த ஆய்வு அவள் பெயரிலான சட்டத்தால் மறுகுற்றம் குறைந்ததாகக் காட்டவில்லை.

எதிர்ப்பக்கத்து ஆய்வையும் மறைக்கக் கூடாது. மின்னசோட்டாவில் பொது அறிவிப்பால் மறுகுற்றம் குறைந்தது என்று 2008 ஆய்வு ஒன்று சொல்கிறது. அதை ஆவலோடு படித்தேன். அங்கே செய்வது என்ன தெரியுமா? சிறையிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் ஒரு குழு தனித்தனியாக மதிப்பிடுகிறது. ஆபத்து மிக அதிகம் என்று முடிவான சிலரைப் பற்றி மட்டும் அந்தப் பகுதி மக்களுக்கு அறிவிக்கிறது. எங்கள் மனு கேட்பது அதை அல்ல. எல்லாப் பெயரையும் ஒரே பலகையில் ஒட்டச் சொல்கிறது.

அதே மின்னசோட்டாவின் சிறைத்துறை 2007இல் இன்னொரு கேள்வி கேட்டது. விடுதலையாகி மறுபடி பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரில், பள்ளி, பூங்கா அருகே குடியிருக்கக் கூடாது என்ற தடை இருந்திருந்தால் எத்தனை குற்றங்கள் தடுக்கப்பட்டிருக்கும்? ஒன்றுகூட இல்லை. பாதிக்கப்பட்டவர்களை அவர்கள் நெருங்கியது வீட்டின் அருகாமையால் அல்ல, உறவாலும் பழக்கத்தாலும்தான். ஆனால் பெயர் வெளியான இடங்களிலெல்லாம் அடுத்த கோரிக்கை இந்தக் குடியிருப்புத் தடைதான். மியாமியில் அது எங்கே போய் முடிந்தது என்றால், போக்கிடம் இல்லாதவர்கள் ஒரு கடல் பாலத்தின் அடியில் பல வருடம் குடியிருந்தார்கள். அவர்களைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரிக்கு முகவரி என்று இருந்தது பாலத்தின் பெயர்.

கும்பல் நீதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கே தெரிந்ததுதான். 2006இல் மேய்ன் மாநிலத்தின் இணையப் பட்டியலைப் பார்த்து முகவரி எடுத்துக்கொண்டு போன ஓர் இளைஞன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவருக்கு வயது 24. அவர் செய்த குற்றம், 16 வயது நிறைய இரண்டு வாரமே இருந்த தன் காதலியோடு உறவு கொண்டது. பிரிட்டனில் 2000இல் ஒரு பத்திரிகை படங்களோடு பெயர்களை வெளியிட்டபோது, கழுத்தில் மருத்துவப் பட்டை அணிந்திருந்த ஓர் அப்பாவியை, அதேபோன்ற பட்டையோடு படத்தில் இருந்தவர் என்று நினைத்துத் தாக்கினார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு குழந்தைநல மருத்துவரின் வீட்டுச் சுவரில் வசவு எழுதினார்கள். அவருடைய தொழிலின் ஆங்கிலப் பெயரும் அந்தக் குற்றவாளிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒன்றுபோல ஒலிக்கும், அதுதான் காரணம்.

இவையெல்லாம் குற்றவாளிகளின் பாடு, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு, என் அக்கா மகள் சொன்னதை எழுதுகிறேன். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மனுவைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. பெரியவர்கள் விஷயம் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் அவளாகவே அதை எடுத்துப் படித்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, அவர் பேரு வந்தா எம்பேரும் வந்த மாதிரிதானே? எங்க வீட்டுக்குத்தான் அவர் வருவாருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

எனக்கு வாயடைத்துப் போனது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் செய்தவர் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ அண்ணனாகவோ இருந்தால், அவர் படத்துக்குக் கீழே குற்றத்தின் பெயரையும் குழந்தையின் வயதையும் போட்ட பிறகு யாருடைய அடையாளம் மறைந்திருக்கும்? பள்ளியில் ஒரு பிள்ளை கைபேசியைத் திறந்து பார்த்தால் போதும். அதற்குப் பயந்து எத்தனை குடும்பங்கள் புகாரே கொடுக்காமல் இருந்துவிடும், எத்தனை குழந்தைகள் நீதிமன்றத்தில் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்ல வைக்கப்படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே, புகார் வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஊர் முழுக்கப் படம் வரும் என்றால் அவர்கள் ஜெயித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், சிறுவர்கள். குழந்தைகள்மேல் பாலியல் குற்றம் செய்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் 18 வயது நிறையாதவர்களே என்று 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. 14, 15 வயதில் செய்த தவறுக்காகப் பட்டியலில் ஏற்றப்பட்டு, முப்பது வயதிலும் அந்தப் பள்ளிக்கூடத்துப் படத்தோடு வாழ்கிறவர்கள் அங்கே உண்டு. அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியான சிகிச்சை கிடைத்தால் மறுபடி செய்வதில்லை. அவர்கள் பெயர் எந்தச் சூழலிலும் வெளியே வரக் கூடாது. இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

அப்படியானால் உங்களிடம் என்னதான் கேட்கிறேன்?

பதிவேடு காவல்துறையிடம் இருக்கட்டும். இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் தரவுத்தளம் அப்படித்தான், விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். அதைத் திறந்துவிடச் சொல்வதைவிட, அது சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்முறையீட்டில் விடுதலையானவரின் பெயர் எத்தனை நாளில் நீக்கப்படுகிறது? முகவரியை நேரில் போய்ச் சரிபார்ப்பது யார்? பெயர் ஒன்றாக இருக்கிற இன்னொருவர் மாட்டிக்கொண்டால் திருத்தக் கேட்கும் வழி என்ன? பல வருடம் குற்றமின்றி வாழ்ந்தவரை மறுமதிப்பீடு செய்ய ஏற்பாடு உண்டா? எந்தத் தவறும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு வருடமும் ஆபத்து குறைகிறது என்பதை இந்தத் துறை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லாரையும் ஆயுள் முழுக்கப் பதிவில் வைத்திருந்த கலிஃபோர்னியாவே 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2021 முதல் 10 வருடம், 20 வருடம், ஆயுள் என்று பிரித்துவிட்டது. கண்காணிக்க வேண்டியவர்கள் கூட்டத்தில் காணாமல் போகிறார்கள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம்.

குழந்தைகளோடு வேலை செய்ய வருகிற ஒவ்வொருவரையும், ஆசிரியரோ விடுதிக் காப்பாளரோ விளையாட்டுப் பயிற்சியாளரோ வேன் ஓட்டுநரோ, அந்தப் பதிவேட்டில் பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். பட்டியலுக்கு உண்மையான வேலை அங்கேதான். தன் பிள்ளையோடு நெருங்கிப் பழகுகிற ஒருவரைப் பற்றி ஒரு தாய்க்குச் சந்தேகம் வந்தால், காவல்துறையிடம் போய்க் கேட்க வழி இருக்கட்டும். பிரிட்டனில் 8 வயது சாரா பெய்னின் கொலைக்குப் பிறகு நடந்த நீண்ட வாதத்தின் முடிவில் அப்படித்தான் செய்தார்கள். 2008இல் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்து, 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கொண்டுவந்தார்கள். கேட்கலாம். காவல்துறை விசாரித்து, ஆபத்து உண்டென்றால் குழந்தையைக் காக்கக்கூடியவரிடம் மட்டும் சொல்லும். மேகனின் தாய் கேட்ட கேள்விக்கு இதுவரை நான் பார்த்ததில் மனசுக்குக் கொஞ்சமாவது ஒப்புகிற பதில் இதுதான்.

சிறையிலிருந்து வருகிறவர்கள் விஷயத்தில் இன்னொன்று. கனடாவில் 1994இல், யாரும் ஏற்காத ஒருவரைச் சுற்றி ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வட்டமாக நின்றார்கள். தினமும் பேசுவது, வேலை தேடித் தருவது, பழைய வழிக்குப் போகிற அறிகுறி தெரிந்தால் முகத்துக்கு நேராகக் கேட்பது, தேவைப்பட்டால் காவல்துறைக்குச் சொல்வது. அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. மின்னசோட்டாவில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஒப்பிட்டபோது, வட்டத்தில் இருந்தவர்களிடம் மறுகுற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஜெர்மனியில் 2005 முதல், இன்னும் பிடிபடாதவர்களும், குற்றம் எதுவும் செய்யாமலே தன் எண்ணத்துக்குப் பயப்படுகிறவர்களும் ரகசியமாகச் சிகிச்சைக்கு வர ஒரு திட்டம் நடக்கிறது. இவற்றைப் படித்தபோது முதலில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிள்ளைக்கு ஆலோசகரே கிடைக்காமல் நாங்கள் மூன்று மாதம் அலைந்தோம், அவனுக்கு நண்பர்கள் வட்டமா என்று. இன்றும் அந்த எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனால் அடுத்த குழந்தை தப்பிக்க எது வேலை செய்கிறதோ அதைத்தான் நான் கேட்க வேண்டும். ஆலோசகருக்காகக் குழந்தைகள் அலையாமல் இருக்க நீங்கள் பணம் ஒதுக்குங்கள், அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

மனுவில் என் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். நான் வாங்கிக் கொடுத்த மற்ற 214 கையெழுத்துகளை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவை அவரவருடையவை. ஆனால் அவர்களிடம் நான் சொன்ன எண் தவறு, கேட்ட கேள்வியும் பாதிக் கேள்வி. அதனால் இந்த மடலின் நகலோடு மறுபடியும் அதே கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அறுபது வீடுகள் ஆகியிருக்கின்றன. சிலர் கேட்கிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். முதலில் போனது அந்த வயதான அம்மாவின் வீட்டுக்கு. இந்த முறை அவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

என் பெயரை இங்கே போட்டால் அவளை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே பெயரும் மனுவின் விவரமும் தனி உறையில் உங்களுக்கு வருகின்றன.

இப்படிக்கு,
ஒரு சித்தி